மலையில் விற்கும் வெங்காயம்: எது உடம்புக்கு உதவும், எது மூட்டையிலேயே முளைக்கும்

நீலகிரியில் குடியிருந்துகொண்டு சின்ன வெங்காயத்தை ஐந்து கிலோ, பத்து கிலோ என்று வாங்கிப் போடுவது நஷ்டம். மேட்டுப்பாளையம் மண்டியில் விலை எவ்வளவு இறங்கியிருந்தாலும் இதில் மாற்றமில்லை. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி மார்க்கெட்டுகளில் கிடைக்கும் வெங்காய வகைகளைப் பார்க்கும்போது ருசி, சத்து எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்ல வேண்டியது இதைத்தான். நல்ல காயாக வாங்கியும் பாதியைக் குப்பையில் கொட்டினால் அதன் சத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்?

காரணம் குளிர். வெங்காயத்துக்கு ஒத்துவரும் சூடு இரண்டே இரண்டு. ஒன்று, குளிர்கிடங்கில் இருப்பது போல் 0 முதல் 2 டிகிரி. மற்றொன்று, பெரம்பலூர், திண்டுக்கல் பக்கம் விவசாயிகள் பட்டறை என்ற சேமிப்புக் குடில் போட்டு வைப்பது போல், காற்றோட்டத்தோடு 25 முதல் 30 டிகிரி. இடைப்பட்ட 10 முதல் 20 டிகிரியில்தான் வெங்காயம் மிக வேகமாக முளைக்கும். ஊட்டி வீட்டுச் சமையலறையில் வருஷத்தின் பெரும்பகுதி இருப்பது சரியாக அந்தச் சூடுதான். கூடவே ஈரம் வேறு. காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் காயின் அடியில் வேர் விடும், கழுத்து நமுத்து அழுகல் தொடங்கும். ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரையும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி கார்த்திகையிலும் இதைத் தடுப்பது கடினம். சமவெளியில் ஒன்றரை மாதம் தாங்கும் காய் இங்கே இரண்டு வாரத்தில் பச்சை காட்டினால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.

எனவே நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு தடவைக்குச் சின்ன வெங்காயம் ஒரு கிலோ, பல்லாரி இரண்டு கிலோ போதும். வாங்கும்போது கையால் பார்க்க வேண்டிய இடம் கழுத்து. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்து அழுத்தினால் கழுத்து காய்ந்த கயிறு போல் இறுகியிருக்க வேண்டும். அமுங்கினால் அது சரியாகக் காயவைக்காமல் மூட்டை கட்டிய ஈரக்காய். வெளியே பளபளப்பாக இருந்தாலும் நாலு நாளில் உள்ளே குழகுழத்துவிடும். கையில் அள்ளிக் குலுக்கினால் சருகு சலசலக்க வேண்டும். இரட்டைக் காயை விலக்குங்கள். இரண்டுக்கும் நடுவிலுள்ள பிளவில்தான் ஈரம் தங்கும். மலை ஏறி வரும் லாரியில் தார்ப்பாய்க்கு அடியில் வியர்த்த மூட்டைகள் மழைக்காலத்தில் அடிக்கடி வரும். அப்போது குவியலின் மேல்பகுதியை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். கையை உள்ளே விட்டுப் பாருங்கள், சூடு தெரிந்தால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

தோலில் மைக்கரி தூவினாற்போல் கருப்பாக இருக்கிறதே என்று பலர் பயப்படுகிறார்கள். அது ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர் என்ற பூஞ்சணம், மண்ணில் சாதாரணமாக இருப்பது. 2021இல் கொரோனா காலத்தில் பரவிய கரும்பூஞ்சை நோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அப்படிச் சொன்ன வாட்ஸ்அப் செய்தி பொய். சருகோடு நின்றிருந்தால் மேல் தோலை எடுத்துக் கழுவிச் சமைக்கலாம். சதைக்குள் இறங்கியிருந்தால் தூக்கிப் போடுங்கள். முளைவிட்டதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பச்சை பிடித்த உருளைக்கிழங்கு போல இதில் விஷம் கிடையாது; முளையையும் நறுக்கிப் போடலாம். ஆனால் முளை வளர வளர காய் சக்கையாகும்.

வீட்டுக்கு வந்ததும் துணியிலோ சணல் சாக்கிலோ பரப்பி ஒரு நாள் காற்றாட விடுங்கள். பிறகு வலைப்பையில் போட்டு, அடுப்பு இருக்கும் அறையில் ஆவி நேரடியாகப் படாத உயரத்தில் தொங்கவிட்டால் போதும். மலை வீட்டில் ஓரளவு சூடும் வறட்சியும் உள்ள இடம் அதுதான். இங்கே பல வீடுகளில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் ஒரே மூலையில் ஒரே கூடையில் கிடக்கும். உருளை விடும் ஈரம் வெங்காயத்தைக் கெடுக்கும், பிரித்து வையுங்கள். தோலோடு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். ஈரம் கோத்துக்கொள்ளும், வெளியே எடுத்ததும் விறுவிறுவென்று முளைக்கும். உரித்ததை ஈரமில்லாத டப்பாவில் இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடலாம். நறுக்கிய வெங்காயம் ஒரு ராத்திரியில் விஷமாகிவிடும், அறையிலுள்ள கிருமியை எல்லாம் இழுத்துக்கொள்ளும் என்பதும் வதந்திதான். மூடி வைத்துக் குளிரில் வைத்தது இரண்டு மூன்று நாள் தாங்கும். மூடாமல் வெளியே கிடந்தது எந்தக் காயானாலும் கெட்டுப்போகும்.

இனி உடம்புக்கு என்ன என்று பார்ப்போம். 100 கிராம் பல்லாரியில் 89 கிராம் தண்ணீர். மிச்சத்தில் 40 கலோரி, 1.7 கிராம் நார்ச்சத்து, சுமார் 7 மில்லிகிராம் வைட்டமின் சி. வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு வைட்டமின் சி 80 மில்லிகிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. அந்தக் கணக்கில் வெங்காயம் பெரிய ஆள் இல்லை. அதன் பெருமை வேறு மூன்று விஷயங்களில்: குவர்செடின் என்ற நிறமிப்பொருள், ஃபிரக்டான் என்ற கரையும் நார், கண்ணைக் கரிக்கவைக்கும் கந்தகச் சேர்மங்கள்.

குவர்செடின் வெளிச் சதை அடுக்குகளில்தான் அதிகம், உள்ளே போகப் போகக் குறையும். வெள்ளை வெங்காயத்தில் மிகக் குறைவு, சிவப்பில் கூடுதல். சின்ன வெங்காயத்தைக் கத்தியால் தடிமனாகச் சீவி முதல் சதை அடுக்கையும் சேர்த்து எறிந்தால், எதற்காக வாங்கினோமோ அதையே எறிகிறோம். பத்து நிமிஷம் தண்ணீரில் ஊறவைத்து, வேர்ப்பக்கம் லேசாக நறுக்கி, சருகை மட்டும் இழுத்தால் சதை போகாது. சூட்டுக்கு இது பெரிதாக அழியாது, வதக்கினாலும் நிற்கும். வேகவைக்கும்போது மட்டும் ஒரு பங்கு தண்ணீரில் இறங்கிவிடும். சாம்பாரிலும் குழம்பிலும் அந்தத் தண்ணீரையும் சேர்த்தே சாப்பிடுகிறோம், ஆகவே நம் சமையலில் நட்டம் இல்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் முழுச் சின்ன வெங்காயம் வேகச் சமவெளியைவிட நேரம் பிடிக்கும். முதலில் எண்ணெயில் கண்ணாடிப் பதம் வரும்வரை வதக்கிவிட்டுப் புளித்தண்ணீர் ஊற்றுங்கள். புளியில் நேரே போட்டால் நடுப்பகுதி நறுக்கென்றே நிற்கும்.

ரத்தக் கொதிப்பு வெங்காயத்தால் இறங்கும் என்ற பேச்சைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் பான் நகர ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், வெங்காயத் தோல் சாற்றிலிருந்து எடுத்த குவர்செடினைத் தினம் 162 மில்லிகிராம் வீதம் ஆறு வாரம் கொடுத்தார்கள். எடை கூடியவர்களில் ஏற்கெனவே ரத்த அழுத்தம் உயர்ந்திருந்த பிரிவினருக்கு மேல் அளவு 3.6 புள்ளி இறங்கியது. 100 கிராம் வெங்காயத்தில் குவர்செடின் 20 முதல் 40 மில்லிகிராம்தான். அந்த 162ஐ எட்ட ஒருவர் தினம் 400 முதல் 800 கிராம் வெங்காயம் சாப்பிட வேண்டும். யாருடைய வயிறு தாங்கும்? மாத்திரையை நிறுத்திவிட்டு வெங்காயத்தை நம்புவதற்கு இதில் எந்த ஆதாரமும் இல்லை.

நம் தட்டுக்கு நெருக்கமான சேதி மைசூரிலிருந்து வந்தது. அங்குள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் 2010இல் வெளியிட்ட ஆய்வுப்படி, தானியம், பருப்போடு வெங்காயமோ பூண்டோ சேரும்போது அவற்றிலுள்ள இரும்பும் துத்தநாகமும் குடல் எடுத்துக்கொள்ளும் வடிவத்தில் கூடுதலாக வெளிப்படுகின்றன. மனிதர்களிடம் செய்ததல்ல, செரிமானத்தைக் கண்ணாடிக் குடுவையில் நடத்திப் பார்த்த சோதனை. ஆனாலும் கேழ்வரகுக் களிக்கும் கம்பங்கூழுக்கும் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொள்வதை மருத்துவத்துக்காக இல்லாவிட்டாலும் விடாமல் இருக்க இது ஒரு நியாயமான காரணம். ஒரு ஆளுக்கு ஏழெட்டுக் காய் தாராளம்.

பச்சையாகச் சாப்பிட நெஞ்செரிச்சல்காரர்கள் யோசிக்க வேண்டும், எதுக்களிப்பைப் பச்சை வெங்காயம் கூட்டும். ஃபிரக்டான் குடலிலுள்ள நல்ல கிருமிகளுக்குத் தீனி, அதுவே சிலருக்கு வாயுவும் வயிற்று உப்புசமும். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பெரிய துண்டுகளாக எண்ணெயில் வதக்கி, குழம்புக்குத் தண்ணீர் ஊற்றும் முன்பே துண்டுகளை எடுத்துவிட்டால் மணம் எண்ணெயில் நிற்கும், வயிறும் சும்மா இருக்கும். தண்ணீர் ஊற்றிய பிறகு எடுத்துப் பயனில்லை.

வாயுத் தொல்லை உள்ளவர்களுக்கு இன்னும் நல்லது வெங்காயத்தாள். இங்கே கிடைக்கும் வகைகளில் நமது முதல் பரிந்துரையும் அதுதான். மலையிலேயே விளைகிறது, காலையில் பிடுங்கியது அன்றே உழவர் சந்தைக்கு வந்துவிடும். 100 கிராமில் வைட்டமின் சி 19 மில்லிகிராம், காயைவிட இரண்டரை மடங்கு. ஃபோலேட் 64 மைக்ரோகிராம், காயில் 19தான். ஃபிரக்டான் வெள்ளை அடிப்பகுதியில்தான் நிறைய இருக்கும், பச்சைத் தாள் வயிற்றைத் தொந்தரவு செய்வது அபூர்வம். வேர் ஈரமாக, தாள் நுனி வாடாமல், ஒடித்தால் பட்டென்று முறிவதை எடுங்கள். தாளில் வெள்ளிக் கோடு கோடாகச் சுரண்டினாற்போல் இருந்தால் இலைப்பேன் தின்றது. உண்ணலாம், ஆனால் அந்தத் தோட்டத்தில் மருந்து அடித்திருக்க வாய்ப்பு அதிகம். ஓடும் தண்ணீரில் தாள் தாளாகப் பிரித்துக் கழுவுங்கள். ஈரத்துணி சுற்றி ஃபிரிட்ஜில் நாலைந்து நாள். இறக்கும் முன் ஒரு நிமிஷம் இருக்கும்போது போட்டால் போதும், முட்டைப் பொரியலுக்கு அரைக் கட்டு.

ஒரு எச்சரிக்கை: தாளில் வைட்டமின் கே 100 கிராமுக்கு 207 மைக்ரோகிராம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் ஒரு வாரம் கட்டுக் கட்டாகவும் மறு வாரம் ஒன்றுமில்லாமலும் சாப்பிடக் கூடாது. அளவு ஒரே சீராக இருக்கட்டும், டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

லீக்ஸ் என்பது வெங்காயக் குடும்பத்தில் தடித்த தண்டுள்ள வகை, ஊட்டிப் பக்கம் கிடைக்கும் சரக்கு. ஓட்டல்காரர்கள் அள்ளிப் போகிறார்கள், வீட்டுக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் தாண்டிப் போகிறார்கள். கட்டைவிரலைவிடச் சற்றே தடித்ததை எடுத்தால் நார் இருக்காது. மண் அணைத்து வெளுக்கவைத்த வெள்ளைத் தண்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு லாபம். அணைத்த அந்த மண் அடுக்குக்கு அடுக்கு உள்ளே இறங்கியிருக்கும், முழுசாகக் கழுவினால் போகாது. வேரை விட்டுவிட்டு நீளவாக்கில் பிளந்து, வேரைப் பிடித்துத் தலைகீழாகக் குழாயடியில் விரியுங்கள். பிறகு அரை அங்குல வளையமாக அரிந்து, கொஞ்சம் வெண்ணெயில் உப்புப் போட்டு, மூடி வைத்துச் சிறு தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம். தீ கூடினால் கசக்கும். மலை உருளைக்கிழங்கோடு சேர்த்துக் கடைந்தால் காய்ச்சல்காரருக்கும் கொடுக்கலாம். மேலே உள்ள கரும்பச்சை இலை மெல்ல முடியாது. சூப்புத் தண்ணீரில் கொதிக்கவிட்டு எடுத்துவிடுங்கள்.

இவற்றின் கழிவை நாய்க்கு வைக்காதீர்கள். தாளோ தோலோ வதக்கியதோ, வெங்காயக் குடும்பம் முழுவதுமே நாய் பூனைகளின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். மிச்சக் குழம்புச் சோறும் இதில் சேர்த்திதான்.

பாக்கெட் சரக்கில் வெங்காயப் பொடி, பொரித்த வெங்காயம் இரண்டையும் ருசிக்கு வாங்கலாம், ஆரோக்கியத்துக்கு என்று வாங்க வேண்டாம். சமவெளியிலிருந்து வரும், சின்ன வெங்காயத்தை இடித்து உருட்டிக் காயவைத்த தாளிப்பு வடகம் மட்டும் மழை மாதத்துக்கு உதவும், ஏனென்றால் இங்கே வடகம் காயும் அளவுக்குத் தொடர்ந்து வெயில் கிடைப்பதில்லை. உருண்டையை இரண்டாக உடைத்துப் பாருங்கள். உள்ளே சாம்பல் பூத்தோ பிசுபிசுப்பாகவோ இருந்தால் நன்றாகக் காயாதது, மலை ஈரத்தில் ஒரே வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். நறுக்கென்று உடைந்து கடுகும் வெந்தயமும் தனித்தனியாக உதிர்வதை வாங்கி, கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் வையுங்கள். அதில் உப்பு ஏற்கெனவே இருக்கிறது, கீரைக்கு உப்புப் போடும்போது கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.