கோவையில் பத்து நாள்: அம்மாவோடு ஒரு முதியோர் குடியிருப்பைப் பார்த்தது

இடத்தின் பெயரைப் போடப் போவதில்லை. அம்மா அங்கே குடிபோனாலும் போவாள். நான் எழுதியதற்காக அவளுக்கு ஆறின காபி வரக் கூடாது. கோவைக்கு மேற்கே, பேரூர் தாண்டி, சிறுவாணி போகிற சாலையிலிருந்து உள்ளே திரும்ப வேண்டும். நூற்றுச் சொச்சம் வீடுகள். எல்லாம் தரைத்தளம், அல்லது ஒரு மாடி. இவ்வளவு போதும்.

போன கார்த்திகையில் கும்பகோணம் வீட்டுக் கிணற்றடியில் அம்மா வழுக்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை. ஆனால் ஐந்தரை மணிக்கு விழுந்தவளை ஏழரைக்குப் பூக்காரம்மா வந்துதான் பார்த்திருக்கிறார். அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி அம்மா ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "செம்பருத்தியில எத்தனை மொட்டு இருக்குன்னு எண்ணிக்கிட்டுக் கெடந்தேன்." அதன் பிறகு எனக்கும் சரி, மெல்போர்னில் இருக்கிற அண்ணனுக்கும் சரி, காலையில் போன் அடித்தாலே வயிற்றைக் கலக்கும்.

அம்மாவுக்கு 77 வயது. தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை, 2006 இல் ஓய்வு. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு; மாத்திரையைத் தானே கணக்காகப் போட்டுக்கொள்வாள். திருச்சிக்கு என்னோடு வந்துவிடு என்றேன். என் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, நானும் கணவரும் எட்டரைக்குக் கிளம்பினால் திரும்ப ஏழாகும். "கிணத்தடிக்குப் பதிலா உன் பாத்ரூம்ல விழுவேன். அவ்வளவுதானே வித்தியாசம்" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை.

கோவையை அண்ணன்தான் சொன்னான். முதியோர் குடியிருப்புகள் அங்கே நிறைய. பெரிய ஆஸ்பத்திரிகள், அதிகம் சுடாத வெயில், நல்ல தண்ணீர் என்று காரணங்கள். எனக்கு இன்னொரு காரணம் இருந்தது. மயிலாடுதுறை ஜனசதாப்தி கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி வழியாகத்தான் கோவை போகிறது. நான் ஒரே ரயிலில் போய்விடலாம், அவள் ஒரே ரயிலில் ஊருக்கு வந்துவிடலாம். ஆடி மாதம் அதே ரயிலில் அம்மா கும்பகோணத்தில் ஏறினாள், நான் திருச்சியில் சேர்ந்துகொண்டேன். பத்து நாள் ட்ரையல் ஸ்டே, ஒரு நாளைக்கு இரண்டு பேருக்கும் சாப்பாட்டோடு 3,000 ரூபாய். யார் என்ன சொன்னாலும் இதைச் செய்யாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சுற்றிக் காட்டுவார்களே, அது கல்யாண ஆல்பம் பார்க்கிற மாதிரி.

வீடு ஒரு படுக்கையறை, சின்னச் சமையலறை, முன்னால் திண்ணை மாதிரி ஒரு சிட்அவுட். வெளிச்சம் நன்றாக வருகிறது. நிலைப்படி எங்கேயும் இல்லை. சக்கர நாற்காலி வாசலிலிருந்து கட்டில் வரை தடங்கலில்லாமல் உருளும். சுவிட்சுகள் உட்கார்ந்தபடியே கைக்கு எட்டுகிற உயரம். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து கொடியில் காயப் போட்ட புடவையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியது. அதை எடுக்கப் போன இடத்தில்தான் அம்மாவுக்கு முதல் சிநேகிதி கிடைத்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், தனியாள்.

குளியலறையில் கைப்பிடிக் கம்பிகள், சொரசொரப்பான தரை, உயரமான கழிப்பறைப் பீடம் எல்லாம் இருந்தன. நான் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா கதவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். "இது உள்பக்கமா திறக்குது. நான் உள்ள விழுந்து கதவு மேலயே கெடந்தா எப்படித் திறப்பாங்க?" சுற்றிக் காட்ட வந்த பெண், தாழ்ப்பாளை வெளியிலிருந்தே நீக்கலாம் என்றாள். உண்மைதான், காசு வைத்துத் திருப்பினால் திறக்கிறது. தாழ்ப்பாள் திறக்கும், 62 கிலோ அம்மா நகர வேண்டுமே. மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019 இல் இப்படிப்பட்ட குடியிருப்புகளுக்கென்றே மாதிரி வழிகாட்டுதல் வெளியிட்டது. சாய்தளம், வழுக்காத தரை, லிஃப்ட் என்று அதில் நிறைய உண்டு. அதைப் படித்துவிட்டுப் போன எனக்கு இந்தக் கதவு தோன்றவில்லை. விழுந்தவளுக்குத் தோன்றியது.

இனி சாப்பாடு. காலை இட்லி, பொங்கல், தோசை மாறி மாறி. மதியம் சாம்பார், ரசம், ஒரு கூட்டு, ஒரு பொரியல். ராத்திரி ஏழு மணிக்கே சப்பாத்தி. உப்பும் காரமும் எல்லாருக்கும் பொதுவாக, அதாவது யாருக்கும் இல்லாமல். சுத்தம் பற்றிக் குறை சொல்ல முடியாது. சர்க்கரைக்காரர்களுக்குக் கேட்டால் தனியாகக் கேழ்வரகு அடை போட்டுத் தருகிறார்கள். மூன்றாம் நாள் அம்மா பரிமாறுகிற பையனிடம் ஞாயிற்றுக்கிழமை என்ன என்று கேட்டாள். "வடை, பாயசம்மா" என்று சந்தோஷமாகச் சொன்னான்.

வளாகத்துக்குள் அசைவம் கிடையாது. சாப்பாட்டுக்கூடத்தில் மட்டுமல்ல, சொந்த அடுப்பில் சமைத்துக்கொள்வதற்கும் தடை. முட்டைக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். விளம்பரத் தாளில் 'சுத்த சைவம்' என்பது நூலகம், யோகா அறை வரிசையில் ஒரு வசதியாகவே அச்சாகியிருந்தது. நான்தான் அதை வசதி என்று நினைத்துப் படித்துவிட்டுக் கடந்திருக்கிறேன். சைவர்களுக்கு அது வசதியேதான், மறுக்கவில்லை. எங்கள் வீட்டில் புதனும் ஞாயிறும் மீன் இல்லாமல் போனால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். அம்மா அன்று ராத்திரி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "மீன் இல்லாம இருந்துடுவேன். அப்பா போனப்ப ஆறு மாசம் தொடலையே. ஆனா என் அடுப்புல என்ன வேகணும்னு இன்னொருத்தர் சொல்றது இந்த வயசுல புதுசா இருக்கு" என்றாள்.

ரயில்வே அம்மாதான் வழி சொன்னார். மாதம் இரண்டு ஞாயிறு, நான்கைந்து பேராகக் கார் வைத்துக்கொண்டு ஆர்.எஸ்.புரம் பக்கம் போய் மீன் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வருகிறார்களாம். கோயிலுக்குப் போகிறோம் என்று வாசல் நோட்டில் எழுதுவது வழக்கம். அம்மா அந்த வாரமே அந்தச் சங்கத்தில் சேர்ந்துவிட்டாள். நோட்டில் மட்டும் 'மீன் சாப்பிட' என்று தெளிவான கையெழுத்தில் எழுதிவிட்டுப் போனாள்.

மனிதர்களைப் பற்றி. பாதிப் பேரின் பிள்ளைகள் அமெரிக்காவில். சாயங்காலம் பெஞ்சில் உட்கார்ந்தால் முதல் கேள்வி உங்கள் பெயர் அல்ல, உங்கள் பையன் எங்கே என்பதுதான். பேச்சில் பாதிக்கு மேல் இங்கிலீஷ். நாற்பது வருஷம் தமிழில் பாடம் நடத்தியவள் முதல் நான்கு நாள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அது கதவை விடக் கவலையாக இருந்தது. ஐந்தாம் நாள் பல்லாங்குழி கிடைத்தது. அப்புறம் பெஞ்சு இவள் பக்கம் வந்துவிட்டது. உங்கள் அம்மாவுக்குப் பல்லாங்குழி தெரியாது என்றால் இந்த விஷயத்தை நன்றாக யோசியுங்கள்.

வேலை செய்கிறவர்களிடம் "வந்து எத்தனை நாளாச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். சமையல்காரர் ஆறு வருஷம். தோட்டக்காரர் ஆரம்பத்திலிருந்து. வீடு துடைக்கிற இரண்டு பெண்கள் ஒடிசாவிலிருந்து வந்து ஒரு வருஷம். நர்சுகள் மூன்று பேர். அவர்களில் மூத்தவர் வந்து ஐந்து மாதம். கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது. சமையல்காரர் நிலைத்து, நர்ஸ் நிலைக்காத இடம் என்றால், நடமாடுகிறவர்களுக்கான இடம் என்று பொருள்.

ஏழாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா என்னை எழுப்பினாள். "மணியைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் தொங்கிய அவசரக் கயிற்றை இழுத்தாள். நான் பதறிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் தீயணைப்பு ஒத்திகை நடத்தினவள், அவளுக்கு இதெல்லாம் சாதாரணம். மூன்று நிமிடத்தில் உதவி வரும் என்று சொல்லியிருந்தார்கள். நான்காவது நிமிடம் வாட்ச்மேன் டார்ச்சோடு ஓடி வந்தார். "ஏனுங்கம்மா, என்னாச்சுங்க? உக்காந்திருக்கீங்களே, நல்லாத்தான இருக்கீங்க?" என்று மூச்சு வாங்கினார். நர்ஸ் வந்தபோது பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. பிரஷர் கருவியை எடுக்கத் திரும்பிப் போய் வந்ததில் இன்னும் ஐந்து. அம்மா அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள், வாட்ச்மேனுக்குத் தண்ணீர் கொடுத்தாள், காலையில் மேனேஜரிடம் மூன்று நேரங்களையும் எழுதிக் கொடுத்தாள்.

மேனேஜர் நல்ல மனிதர், கோபப்படவில்லை. அவரிடம் ஆம்புலன்ஸ் பற்றியும் கேட்டேன். வண்டி வளாகத்துக்குள்ளேயே நிற்கிறது. ராத்திரி டிரைவர் ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். அவசரம் என்றால் 108 ஐத்தான் கூப்பிடுவோம் என்று ஒப்புக்கொண்டார்.

பணக் கணக்கு: வாடகை 16,000, பராமரிப்பு 9,500, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,710, ஒருவருக்குச் சாப்பாடு 8,400. மொத்தம் மாதம் 35,610 ரூபாய். மின்சாரமும் மருந்தும் தனி. முன்பணம் இரண்டு லட்சம். அம்மாவின் பென்ஷனுக்குள் அடங்கும், கொஞ்சம் மிஞ்சும். "உங்க கைய எதிர்பார்க்க வேண்டாம்" என்றாள். அப்புறம் சிரித்துக்கொண்டே, "எதிர்பார்த்தாலும் பெத்தவங்களைப் பிள்ளைங்க காப்பாத்தணும்ங்கிற 2007 சட்டப்படி கோட்டாட்சியர்கிட்ட மனு கொடுத்தா மாசம் பத்தாயிரம் வரைக்கும் வாங்கித் தருவாராம். மெல்போர்ன் டாலர்ல அது ஒண்ணுமே இல்ல" என்றாள். பென்ஷன் நேர்காணலுக்காகக் கும்பகோணம் போக வேண்டியதில்லை. தபால்காரர் வீட்டுக்கே வந்து விரல் ரேகை வைத்து 70 ரூபாய்க்கு ஆயுள் சான்று எடுத்துக்கொடுத்துவிடுகிறார்.

ஒப்பந்தத்தை எட்டாம் நாள்தான் கொடுத்தார்கள், அதுவும் நான் மூன்று தடவை கேட்ட பிறகு. 27 பக்கம், முழுக்க இங்கிலீஷ். 19 ஆம் பக்கத்தில் இருந்தது விஷயம். குடியிருப்பவர் தன் வேலைகளைத் தானே செய்துகொள்ள முடியாத நிலை என்று நிர்வாகத்தின் மருத்துவர் கருதினால், முப்பது நாளில் வளாகத்துப் பராமரிப்பு மையத்துக்கு மாற வேண்டும். அங்கே இடம் இல்லையென்றால் குடும்பம் வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். மையத்தில் பன்னிரண்டு படுக்கைகள். நான் போய்ப் பார்த்த அன்று பன்னிரண்டிலும் ஆள். முன்பணம் எப்போது திரும்பும் என்றால், அந்த வீட்டுக்கு அடுத்த ஆள் வந்த பிறகு.

நாங்கள் இடம் தேடியது அம்மா நடக்கிற நாட்களுக்காக அல்லவே. நடக்கிறவரை கும்பகோணத்திலேயே ராணி மாதிரி இருப்பாள். நடக்க முடியாமல் போகிற அந்த ஒரு நாளுக்காகத்தான் இவ்வளவும். யோகா அறைக்கு ஒரு பக்கம் ஒதுக்கியவர்கள் அந்த நாளுக்கு நாலு வரி எழுதி, அதிலும் 'குடும்பம் வேறு ஏற்பாடு' என்று முடித்திருக்கிறார்கள். மற்ற இடங்களின் ஒப்பந்தங்களைப் பார்த்தவர்கள் இதே மாதிரி வாசகம்தான் இருக்கும் என்கிறார்கள். இருக்கலாம். நீங்கள் பார்க்கப் போகிற இடத்தில் 'எதுவரை வைத்துக்கொள்வீர்கள்?' என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். சிரித்தபடி பேச்சை மாற்றினால், பதில் கிடைத்துவிட்டது.

என் கணக்கில், கணவன் மனைவி இரண்டு பேரும் இருந்து, சைவச் சாப்பாடு பழக்கமாகி, ஒருவருக்கு ஒருவர் கை கொடுக்கிற வயதில் இருந்தால் இது நல்ல இடம், தாராளமாகப் போகலாம். வாங்காதீர்கள், வாடகைக்குப் போங்கள். தனியாள் என்றால் ராத்திரி நர்ஸ் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஞாபக மறதி ஆரம்பித்தவர்களுக்கு இது இடமே இல்லை. வாசல் கேட் பகலெல்லாம் திறந்து கிடக்கிறது.

அம்மா வேண்டாம் என்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். கிளம்புகிற அன்று காலையில் கோடு போட்ட தாளில் மூன்று நிபந்தனை எழுதி மேனேஜரிடம் கொடுத்தாள். ஒன்று, குளியலறைக் கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்ற வேண்டும். இரண்டு, பராமரிப்பு மையத்தில் இடம் வரும்வரை ஆள் வைத்துக்கொண்டு அதே வீட்டில் இருக்கலாம் என்று எழுத்தில் வேண்டும்; ஆள் செலவு தன்னுடையது. மூன்று, ஒப்பந்தம் தமிழில் வேண்டும், படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. மீனைப் பற்றி எழுதவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அதான் சங்கம் இருக்கே" என்றாள்.

இப்போது ஆவணி. இரண்டாவது நிபந்தனைக்கு மின்னஞ்சலில் சரி என்று வந்திருக்கிறது; ஒப்பந்தத்தில் சேர்ப்பார்களா என்று தலைமை அலுவலகத்தைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். தமிழ்ப் பிரதிக்கு இன்னும் பதில் இல்லை. போன வாரம் மேனேஜரே போன் செய்து, ஆசாரி வந்து கதவை மாற்றியாகிவிட்டது என்றார். அம்மா படம் அனுப்பச் சொன்னாள். வந்தது. புது வெள்ளைக் கதவு, பளபளவென்று, மூடியபடி.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனைத் தூரமாக வைத்துப் பார்த்தாள்.

"திறந்து வெச்சு எடுத்து அனுப்பச் சொல்லு."