போன் ஸ்டோரேஜ் ஃபுல்லா? ஃபைல்ஸ் பை கூகுள் ஆப் ரிவ்யூ

முதல்லயே சொல்லிடுறேன், இந்த ஆப்ல எல்லாரும் அமுக்குற பட்டன்தான் இருக்குறதுலயே உருப்படாத பட்டன். ஜங்க் ஃபைல்ஸ் க்ளீன் பண்ணுன்னு மேல பெருசா காட்டும், அமுக்குனா ஏதோ கொஞ்சம் இடம் கிடைக்கும், நாலு நாள்ல கேஷ் (ஆப்புங்க தற்காலிகமா சேத்து வைக்குற ஃபைல்) மறுபடி சேந்துடும், திரும்ப அமுக்கணும். அத விட்டுட்டு கீழ ஸ்க்ரோல் பண்ணி போனீங்கன்னா அங்க இருக்குற ஐட்டத்துக்காகவே இந்த ஆப்ப வச்சுக்கலாம்.

தெரியாதவங்களுக்காக: 2017 டிசம்பர்ல ஃபைல்ஸ் கோன்னு வந்துச்சு, கம்மி ஸ்டோரேஜ் போன் வச்சிருக்குற நம்ம மாதிரி ஆளுங்கள மனசுல வச்சே செஞ்சது, அடுத்த வருஷம் பேர மாத்திட்டாங்க. நிறைய ஆண்ட்ராய்டு போன்ல வாங்கும்போதே உள்ள இருக்கும், இல்லனா ப்ளே ஸ்டோர்ல ஃப்ரீ, விளம்பரம் கிடையாது. 2018 ஆரம்பத்துல ஒரு நியூஸ் வந்துச்சு, இந்தியாவுல போன் எல்லாம் ஏன் இப்படி ரொம்பி நிக்குதுன்னு கூகுள்காரங்க தேடிப் பாத்தா குட் மார்னிங் படமா கெடந்துச்சாம். சிரிக்காதீங்க, உங்க வீட்டு பெரியவங்க போன ஒரு தடவ வாங்கிப் பாருங்க.

நான் பாத்தது எங்கம்மாவோட 64 ஜிபி போன்ல. பேங்க் ஆப் அப்டேட் ஆகல, க்ரூப்ல வர்ற போட்டோ எதுவும் டவுன்லோட் ஆகல, "டேய் இதுல வைரஸ் ஏறிடுச்சு போல, கடைல குடுத்து பாரேன்"னு ஒரே புலம்பல். வைரஸும் இல்ல ஒன்னும் இல்ல. டூப்ளிகேட் ஃபைல்ஸ்னு ஒரு கார்டு வரும், அத ஓப்பன் பண்ணா அம்மாவோட ஆதார் பிடிஎஃப் வரிசையா நிக்குது, பேருக்குப் பின்னாடி (1), (2), (3)னு போயிட்டே இருக்கு, ஒவ்வொரு தடவ தேவைப்படும்போதும் புதுசா டவுன்லோட் பண்ணிருக்காங்க. கரண்ட் பில் ரசீதும் அதே கததான். ஆப் ஒன்ன ஒரிஜினல்னு குறிச்சு வச்சுட்டு மீதிய மட்டும் செலக்ட் பண்ண விடுது, இது நல்லா இருக்கு, தப்பா எல்லாத்தையும் அழிச்சுடுவோமோன்னு பயப்பட வேண்டாம். ஆனா பிடிஎஃப் எல்லாம் எவ்ளோ இடம் புடிக்கப் போகுது சொல்லுங்க, நிஜமா இடத்த முழுங்குறது வீடியோ.

இங்கதான் ஆப் கோட்ட விடுது. நீங்க ஒரு வளைகாப்பு வீடியோ எடுக்குறீங்க, அது கேமரா ஃபோல்டர்ல இருக்கும். அத வாட்ஸ்அப்ல அனுப்புனீங்கன்னா சைஸ கொறச்சு இன்னொரு காப்பி சென்ட் ஃபோல்டர்ல உக்காந்துக்கும். ரெண்டும் ஒரே வீடியோதான், ஆனா சைஸ் வேற வேறங்கறதால டூப்ளிகேட் கார்டுல மாட்டாது! கையாலதான் போகணும்: இன்டர்னல் ஸ்டோரேஜ், ஆண்ட்ராய்டு, மீடியா, அதுல com.whatsapp-னு இருக்குற ஃபோல்டர், அதுக்குள்ள வாட்ஸ்அப், மீடியா, வாட்ஸ்அப் வீடியோ, சென்ட். அம்மா போன்ல நல்ல இடம் கெடச்சது இங்கதான். ஒரிஜினல் உங்ககிட்ட இருக்கான்னு பாத்துட்டு அழிங்க, அழிச்சா சேட்ல அந்த வீடியோ மங்கலா தெரியும், திரும்ப ஓப்பன் ஆகாது. கேமராவுல எடுத்தது பத்திரமா இருக்குன்னா அதப் பத்தி என்ன கவல.

ஜங்க் பட்டன் ஏன் கொஞ்சமாதான் தருதுன்னு கேட்டா, ஆண்ட்ராய்டு 11ல இருந்து ஒரு ஆப்போட டேட்டா ஃபோல்டர்ல இன்னொரு ஆப் கை வைக்க முடியாதபடி பூட்டிட்டாங்க. டெலிகிராம்ல நீங்க பாத்த படம் எல்லாம் அதோட கேஷ்ல சேந்து கெடக்கும், அத டெலிகிராம் செட்டிங்ஸ்ல டேட்டா அண்ட் ஸ்டோரேஜ்ல போய்தான் க்ளியர் பண்ணணும் (அதெல்லாம் க்ளவுட்ல, அதாவது டெலிகிராமோட சர்வர்ல இருக்கு, வேணும்னா திரும்ப இறங்கும்). வாட்ஸ்அப்லயும் செட்டிங்ஸ்ல மேனேஜ் ஸ்டோரேஜ் இருக்கு, 5 எம்பிக்கு மேல உள்ளது தனி, ரொம்ப ஃபார்வேர்டு ஆனது தனின்னு பிரிச்சே காட்டும், உண்மைய சொன்னா வாட்ஸ்அப் குப்பைக்கு அதுதான் இதவிட பெட்டர். அதனாலதான் பூஸ்டர், சூப்பர் க்ளீனர்னு வர்ற கண்ட ஆப்பயும் போடாதீங்கன்னு சொல்றேன், பூட்டு அவங்களுக்கும் சேத்துதான், கூட விளம்பரம் வேற. 2020 ஜூன்ல மத்திய அரசு தடை பண்ண 59 ஆப்ல க்ளீன் மாஸ்டரும் இருந்துச்சு, ஞாபகம் இருக்கா.

இப்ப முக்கியமான மேட்டர். இவ்ளோ அழிச்சும் இடம் அப்படியே இருக்கும்! ஏன்னா அழிச்சதெல்லாம் ட்ராஷுக்குப் போயி 30 நாள் அங்கயே கெடக்கும். மூணு கோடு மெனுவ தட்டி ட்ராஷ்குள்ள போய் அங்கயும் டெலிட் குடுத்தாதான் இடம் வரும். தப்பா அழிச்சத மீட்க இது நல்ல வசதிதான், ஆனா போன் மூச்சு முட்டி நிக்குறப்ப இத ஸ்க்ரீன்லயே ஒரு வரில சொல்லிருக்கலாம்ல?

போட்டோவுக்கு கூகுள் போட்டோஸ்ல ஃப்ரீ அப் ஸ்பேஸ் யூஸ் பண்ணுங்க, பேக்கப் ஆனத மட்டும் போன்ல இருந்து தூக்கும். அத விட்டுட்டு போட்டோஸ் ஆப்லயே டெலிட் குடுத்தா க்ளவுட்லயும் போயிடும், ரெண்டும் வேற வேற. ஆனா 2021 ஜூனுக்கு அப்புறம் ஃப்ரீயா அன்லிமிடெட் கிடையாது, ஜிமெயில், டிரைவ் எல்லாம் சேத்து 15 ஜிபிதான், அது ரொம்புச்சுனா மெயில் வர்றதே நின்னுடும். அதனால ஒரே நேரத்துல எல்லாத்தையும் மேல ஏத்தாதீங்க, கும்மிருட்டுல எடுத்த போட்டோ, பாக்கெட்ல இருந்து தானா எடுத்த போட்டோ எல்லாம் முதல்ல கழிச்சு கட்டிட்டு ஏத்துங்க.

ஐபோன்காரங்களுக்கு இந்த ஆப் கிடையாது, செட்டிங்ஸ்ல ஜெனரல், ஐபோன் ஸ்டோரேஜ்ல ஆஃப்லோடு ஆப்ஷன் இருக்கு (ஆப்ப மட்டும் தூக்கிட்டு அதோட டேட்டாவ வச்சுக்கும்), அதப் பாத்துக்கோங்க.

32 ஜிபி, 64 ஜிபி போன் வச்சிருந்தா கண்டிப்பா போடுங்க. 256 இருக்குறவங்களுக்கு இது சும்மா ஃபைல் தேட மட்டும்தான். என் மார்க் 5க்கு 3.5, ட்ராஷ மெனுக்குள்ள ஒளிச்சதுக்கு 1, சென்ட் ஃபோல்டர கண்டுக்காததுக்கு அரை.