சக்கர நாற்காலியோடு ஓட்டு வீட்டில்: முதல் செலவு கழிப்பறைக்கு

தென்னை மரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் உண்டு. நானும் ஒருவன். திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஒரு கிராமத்தில், தாத்தா கட்டிய ஓட்டு வீட்டில், பல வருஷமாகச் சக்கர நாற்காலியில்தான் புழங்குகிறேன். வீட்டில் செய்த மாற்றங்களில் எது இத்தனை மழைக்காலத்தையும் தாங்கி நிற்கிறது என்று எழுதினால், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் யாருக்காவது உதவும்.

எல்லாரும் முதலில் சொல்வது வாசலில் சாய்தளம் போடத்தான். கையில் ஒரு வேலைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், அதைக் கழிப்பறைக்குக் கொடுங்கள். வெளியே போக வேண்டிய அன்றைக்கு யாராவது தூக்கி இறக்கிவிடுவார்கள். கழிப்பறைக்குத் தினமும் அடுத்தவர் கையை எதிர்பார்த்திருப்பது மனுஷனை நொறுக்கிவிடும். அதற்குப் பயந்தே பலர் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும்.

எங்கள் கழிப்பறை கொல்லையில் இருந்தது. அதை விட்டுவிட்டு, தாழ்வாரத்தின் ஒரு மூலையை மறித்து, படுக்கும் அறையை ஒட்டிப் புதிதாகக் கட்டினோம். நாற்காலி திரும்ப 5 அடிக்கு 5 அடி காலியிடம். கதவு 3 அடி அகலம், வெளிப்பக்கமாகத் திறக்கும்; உள்ளே விழுந்து கிடந்தாலும் கதவை உடைக்காமல் வந்து தூக்கலாம். கடையில் வாங்கிய வெஸ்டர்ன் கோப்பை நாற்காலி இருக்கையைவிடத் தாழ்வு. அதில் இறங்கிவிடலாம், திரும்ப ஏறுவதுதான் பாடு. அடியில் கான்கிரீட் மேடை போட்டு இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தோம். நாங்கள் செய்ததிலேயே எனக்கு அதிகம் உதவியது இதுதான், செலவும் குறைவு.

கைப்பிடி வரும் பக்கம் பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர். அது போல்ட்டைப் பிடிக்காது. சுவரைத் துளைத்து, மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து நட்டு முடுக்கினோம். என் முழு எடையையும் போட்டுத் தொங்குகிறேன், இன்றுவரை அசையவில்லை.

தரைக்கு வழுக்காத டைல்ஸ் வேண்டும், ஆனால் ரொம்ப முரடானது வேண்டாம். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவருக்குக் குதிகால் உரசித் தோல் போனாலும் தெரியாது. ராத்திரி படுக்கும்முன் கண்ணாடி வைத்துக் காலைப் பார்த்துவிடுகிறேன். வெந்நீரைக் கையில் விட்டுப் பார்க்காமல் காலில் ஊற்றுவதில்லை.

சரி, சாய்தளத்துக்கு வருகிறேன். டெல்டாவில் வெள்ளத்துக்குப் பயந்து பேஸ்மட்டத்தை உயர்த்தித்தான் கட்டுவோம். எங்களுடையது இரண்டரை அடி. ஓர் அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம் என்பது கணக்கு. ஆக 30 அடி. வாசலில் அவ்வளவு நேர் இடம் இல்லை, நடுவில் 5 அடிச் சதுரத் தளம் விட்டு மடக்கினோம். "பத்தடி போதுமே தம்பி" என்றார் கொத்தனார். பத்தடியில் கட்டினால் யாராவது பின்னால் நின்று தள்ளினால்தான் ஏறும். இப்போது நானே ஏறி இறங்குகிறேன். இரண்டு ஓரத்திலும் சக்கரம் நழுவாமல் சின்ன வரப்பு, அதில் தண்ணீர் வடிய ஓட்டை.

எங்கள் ஊர்க் களிமண் கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். அதனால் சாய்தளம் வீட்டோடு சேரும் இடத்தில் பிளந்துகொண்டது. அந்தப் பிளவில் முன்சக்கரம் சிக்கினால் ஆள் தலைகுப்புறத்தான். சிமென்ட் பூசிப் பூசி நிற்கவில்லை. கடைசியில் சொரசொரப்பான இரும்புத் தகட்டை மேலே போட்டு, வீட்டுப் பக்கம் மட்டும் போல்ட் அடித்து மறுபக்கத்தைச் சும்மா விட்டோம். மண் அசையும்போது தகடு நகர்ந்துகொடுக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பாசி பிடிக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தே ஆக வேண்டும். அறுவடை நேரத்தில் நெல் மூட்டையும் இதே வழியில் தள்ளுவண்டியில் ஏறுகிறது. முட்டி வலியால் அம்மாவும் படியை விட்டுவிட்டார்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நாள்கணக்கில் கரன்ட் இல்லை. மோட்டார் ஓடாமல் மேல்தொட்டி வறண்டது. அதற்கப்புறம் கழிப்பறைக்குள்ளேயே கைக்கெட்டும் உயரத்தில் ஒரு சிமென்ட் தொட்டி கட்டினோம். மழைக்காலம் முழுக்க அதை நிறைத்தே வைத்திருப்போம்.

இன்னும் பாக்கி சமையலறை. அடுப்பு மேடை என் நெஞ்சுக்கு வருகிறது. முட்டி நுழைய அடியில் இடம் விட்டு இரண்டரை அடி உயரத்தில் மேடை போட வேண்டும். சூடான பாத்திரத்தை உணர்வில்லாத மடியில் வைத்து எடுத்துப்போக முடியாது, அதனால் அடுப்பிலிருந்து பாத்திரம் கழுவும் தொட்டி வரை மேலேயே நகர்த்தும்படி ஒரே நீளமாக வரணும். தை அறுவடைப் பணம் வந்ததும் கொத்தனாரிடம் சொல்லப்போகிறேன்.