இபிஎஃப் ஓய்வுக்கால ஆலோசனைச் சேவை: சுங்கை சிப்புட்காரர் என்ன கணக்கோடு போக வேண்டும்?

மலேசியாவின் ஊழியர் சேமநிதி வாரியம் (இபிஎஃப்) தரும் ஓய்வுக்கால ஆலோசனைச் சேவைக்குக் கட்டணம் கிடையாது. முன்பதிவு செய்துவிட்டுப் போகலாம். உங்கள் சேமிப்பு, கடன், மாதச் செலவு மூன்றையும் வைத்து, பணம் எத்தனை வயது வரை தாங்கும் என்று அதிகாரி போட்டுக் காட்டுவார். காப்புறுதி, யூனிட் டிரஸ்ட் என்று எதையும் உங்கள் தலையில் கட்ட மாட்டார்கள். இந்த ஒன்றுக்காகவே சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் பஸ் ஏறலாம். ஆனால் வெறுங்கையோடு போனால் வாரியத்தின் இலக்குத் தொகையைக் கேட்டு மலைத்துப்போய்த் திரும்ப வேண்டியிருக்கும். சொந்தக் கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு போனால்தான் பலன்.

அந்த இலக்குகள் எங்கிருந்து வந்தன என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 60 வயதில் அடிப்படைச் சேமிப்பு 390,000 வெள்ளி (ரிங்கிட்), போதுமான சேமிப்பு 650,000 வெள்ளி, மேம்பட்ட சேமிப்பு 13 லட்சம் வெள்ளி. அடிப்படைத் தொகை பழைய 240,000-இலிருந்து 2026 முதல் படிப்படியாக உயர்கிறது. நடுவிலுள்ள 650,000-தான் மூலக் கணக்கு. கிள்ளான் பள்ளத்தாக்கில் தனியாக வாழும் முதியவருக்கு மாதம் 2,690 வெள்ளி செலவு, அது 20 ஆண்டுக்கு. அந்த 650,000-இல் அறுபது விழுக்காடு அடிப்படை, அதன் இரண்டு மடங்கு மேம்பட்டது.

தோட்டத்து ஊரில் வாழ்பவருக்கு இந்த அளவு இரண்டு விதத்தில் பொருந்தாது. சாப்பாடு, காய்கறி, கடை வாடகை எல்லாம் இங்கே மலிவு. ஆனால் கேஸ், பெட்ரோல், இணையக் கட்டணம், மோட்டார் சைக்கிள் டயர் போன்றவற்றுக்கு கோலாலம்பூர்காரர் கொடுப்பதையேதான் நாமும் கொடுக்கிறோம். பெரிய டாக்டரைப் பார்க்க ஈப்போவுக்குப் போகும் செலவு நகரத்துக்காரருக்கு இல்லை, நமக்கு உண்டு.

ஆகவே பட்டியல் போடுங்கள். கடன் முடிந்த சொந்த வீட்டில் இருக்கும் கணவன் மனைவிக்கு, சிக்கனமான ஒரு மாதம்: மளிகை, மீன், காய்கறி 650. மின்சாரம், தண்ணீர், கேஸ் 110. தொலைபேசி, இணையம் 120. மோட்டார் சைக்கிள் 120. மருத்துவம் 150. கோயில், கல்யாண மொய், சாவு வீடு 150. வீட்டு வரி, நில வரி, கூரை ஒழுகல், பைப் மாற்றுவது 100. துணிமணி, தீபாவளி 100. மொத்தம் 1,500 வெள்ளி. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி, நிபுணருக்கு ஐந்து வெள்ளி என்றால் மருத்துவத்துக்கு 150 எதற்கு என்று கேட்பார்கள். மூக்குக்கண்ணாடி, பல்செட், ரத்த அழுத்தக் கருவி, ஈப்போவுக்கு வாடகைக் கார் எல்லாம் அதில்தான் வருகின்றன. மொய்க் காசை விட்டுவிட்டுக் கணக்குப் போடுபவர்களும் பலர். ஊரில் வாழும்வரை அது நிற்காது.

ஆண்டுக்கு 18,000. வாரியம் சேமிப்புக்கு ஆண்டுதோறும் தரும் லாப ஈவு 5 விழுக்காடு, விலையேற்றம் 3 விழுக்காடு என்று வைத்தால், 60 முதல் 80 வயது வரை ஏறத்தாழ 302,000 வெள்ளி வேண்டும். 85 வரை என்றால் 361,000. கணவன் மனைவியில் ஒருவராவது 85-ஐத் தாண்டுவது இன்று அபூர்வமில்லை. அதனால் 25 ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள், வாரியத்தின் 20 ஆண்டு குறைவு. இந்த 5 விழுக்காடு ஊகம் நியாயமானதே. 2020 முதல் 2024 வரை வழக்கமான (ஷரியா அல்லாத) கணக்கின் லாப ஈவு 5.20-க்கும் 6.30-க்கும் இடையில் இருந்தது. ஆனால் சட்டம் உத்தரவாதம் தருவது 2.5 மட்டுமே. ஆலோசகரிடம் 4 விழுக்காட்டுக்கும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இனி வீடு. தோட்டக் குடும்பங்களின் கணக்கு உடைவது பெரும்பாலும் இங்கேதான். தோட்ட நிர்வாகம் தந்த லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போகும். ஓய்வுபெற்றதும் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மாதம் 500 வெள்ளிக்கு வாடகை வீடு எடுத்தால், 25 ஆண்டுக்கு இன்னும் ஏறத்தாழ 120,000 வெள்ளி தேவை. 361,000 அப்போது 481,000 ஆகிவிடும். 55 வயதில் எடுக்கக்கூடிய இபிஎஃப் பணம் வந்ததும் மொத்தமாகக் கொடுத்து வீடு வாங்குகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் சாப்பாட்டுக் காசு செங்கல்லில் போய்விடும். வேலையில் இருக்கும்போதே சிறிய வீடாக வாங்குங்கள். வீட்டுக் கடனைக் குறைக்க, இபிஎஃப் சேமிப்பின் மூன்று உட்கணக்குகளில் ஒன்றான அக்கவுன் செஜாத்தெராவிலிருந்து எடுக்கலாம். 2024 மே 11 முதல் மாதச் சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக்காலத்துக்கான அக்கவுன் பெர்சாராவானுக்கும், 15 செஜாத்தெராவுக்கும், 10 எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஃபிளெக்சிபெலுக்கும் போகிறது. இந்தக் கடைசிப் பத்தை நினைத்தபோதெல்லாம் எடுத்துவிட்டால் பின்னால் வயிற்றில் அடிக்கும்.

இளையவர்கள் வேறொரு தவறு செய்கிறார்கள். இன்றைய 1,500-ஐயே 60 வயதுக்கும் எழுதுகிறார்கள். இப்போது 45 வயது என்றால், 3 விழுக்காடு விலையேற்றத்தில் அது 60 வயதில் 2,337 வெள்ளி. வாரியத்தின் இலக்கும் இதே காரணத்தால் நாளை ஏறும்.

குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி வாங்குபவருக்குத் தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13 விழுக்காடு என்று மாதம் 408 வெள்ளி சேருகிறது. 25 வயதில் தொடங்கி, சம்பளம் விலையேற்றத்தோடு சேர்ந்தே ஏறி, ஒரு காசும் எடுக்காமல் இருந்தால் 60-இல் இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 242,000 வெள்ளி. செஜாத்தெராவின் 15-ஐயும் ஃபிளெக்சிபெலின் 10-ஐயும் இடையில் எடுத்துவிட்டால் ஏறத்தாழ 182,000-தான். ஆலோசகரின் திரையில் தெரியும் தொகை இதைவிடப் பெரியதாக இருந்தால், அது இன்றைய மதிப்பா, அன்றைய மதிப்பா என்று கேட்காமல் எழுந்து வராதீர்கள். பற்றாக்குறையை 60-க்குப் பிறகு காவலாளி வேலை பார்த்து நிரப்பலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. அந்த வயதில் கட்டாயச் சந்தா முதலாளி தரும் 4 விழுக்காடு மட்டுமே. அதை நம்பிச் சேமிப்பு வளராது, அன்றாடச் செலவுக்கு அந்தச் சம்பளம் உதவும், அவ்வளவுதான்.

55-இல் முழுப் பணத்தையும் எடுத்துவிட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மாதாமாதம் இவ்வளவு என்று வங்கிக்கு வரும்படி செய்துகொள்ளலாம். மீதிக்கு 100 வயது வரை லாப ஈவு சேரும். மகனின் காருக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் இந்த ஏற்பாட்டை ஆலோசகரிடம் கேளுங்கள்.

போகும்போது அடையாளக் கார்டு, சேமிப்பு அறிக்கை, வீட்டுக் கடன் பாக்கி, மூன்று மாத மின்கட்டண பில், மேலே சொன்ன பட்டியல் எல்லாம் கையில் இருக்கட்டும். கணவன் மனைவி சேர்ந்தே போங்கள். சொந்தமாகப் பலகாரம் செய்து விற்கும், தையல் தைக்கும் மனைவிக்கு இபிஎஃப் கணக்கே இருக்காது. சுயதொழில் செய்பவர்கள் தாங்களாகவே சந்தா கட்டும் ஐ-சாரான் திட்டத்தில் அவர் ஆண்டுக்கு 2,500 வெள்ளி போட்டால் அரசாங்கம் 20 விழுக்காடு, அதாவது 500 வெள்ளி சேர்க்கிறது. அரசாங்கம் தரும் தொகைக்கு வாழ்நாள் வரம்பு 5,000. அதே நாளில் இருவரும் வாரிசு நியமனத்தையும் சரிபாருங்கள். பல பழைய கணக்குகளில் இறந்துபோன அம்மாவின் பெயரே இன்னும் இருக்கும்.