மசக்கை வாந்திக்கு சிபிடி எண்ணெயா, மாத்திரையா, இஞ்சியா? பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன்

போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு ஃப்ரெண்ட் ஒருத்தி ஒரு ஃபோட்டோ அனுப்புனா. சின்ன டிராப்பர் பாட்டில், மேல பச்சை இலை படம், 1000 மில்லிகிராம் சிபிடின்னு போட்டிருக்கு. அவளுக்கு இப்ப ஒன்பது வாரம். பிரஷ்ஷ வாய்ல வச்சாலே வாந்தி, சோறு கொதிக்கிற வாசனை ஆகல, ராத்திரி தூக்கமும் கிடையாது. கடைல இருந்தவர் "இது போதை கிடையாதுங்க, செடிதானே, நிறைய கர்ப்பிணிங்க வாங்கிட்டுப் போறாங்க"ன்னு சொல்லிருக்கார். எடுத்துக்கவாடின்னு ஒரே ஒரு வரி கேட்டிருந்தா. நான் உடனே வேணாம்னு போட்டுட்டேன், ஆனா அதுக்கு பதிலா எதுன்னு சொல்லாம வெறுமனே வேணாம்னா வாந்தி எடுத்துட்டு கெடக்கறவளுக்கு அதால என்ன பிரயோஜனம், அதான் உக்காந்து எல்லாத்தையும் ஒண்ணு ஒண்ணா படிச்சேன். நான் டாக்டர் இல்ல, மூத்தவன் வயித்துல இருந்தப்போ பதினாறு வாரம் வரைக்கும் வாந்தி எடுத்தவ, அவ்ளோதான். நாங்க இருக்கறது அமெரிக்காவுல, அதனால இங்க கெடைக்கறத வச்சுதான் எழுதறேன், ஊர்ல இருக்கறவங்களுக்கு கீழ தனியா சொல்றேன்.

முதல்ல அந்த பாட்டில்ல என்ன இருக்குன்னு பாப்போம். கஞ்சா செடில நிறைய பொருள் இருக்கு, அதுல போதை ஏத்தறது டிஎச்சி, போதை ஏத்தாதது சிபிடி. 2018 டிசம்பர்ல வந்த விவசாய சட்டம் டிஎச்சி 0.3 சதவீதத்துக்கு மேல இல்லாத செடிய ஹெம்ப்னு தனியா பிரிச்சு சட்டப்படி ஆக்கிடுச்சு, அப்புறம் பெட்ரோல் பங்க் வரைக்கும் சிபிடி வந்துடுச்சு. ஆனா கடைல விக்கலாம்ங்கறது வேற, ஒருத்தர் டெஸ்ட் பண்ணி சரின்னு சொன்னாங்கங்கறது வேற. 2017ல ஒரு ஆய்வுல ஆன்லைன்ல விக்கிற 84 சிபிடி பொருள வாங்கி லேப்ல பாத்திருக்காங்க. லேபிள்ல போட்ட அளவு சரியா இருந்தது 31 சதவீதத்துலதான். 18 பாட்டில்ல டிஎச்சி இருந்துச்சு. அப்ப நம்ம கைல இருக்கற பாட்டில்ல உள்ளது சிபிடியா, சிபிடி கூட டிஎச்சியா, எவ்வளவுன்னு வாங்கறவளுக்கும் தெரியாது, விக்கிறவருக்கும் தெரியாது. மருந்து பாதுகாப்பானதான்னு கேக்கறதுக்கு முன்னாடியே இங்க ஒரு படி சறுக்குது.

எஃப்டிஏ, அதாவது இங்க மருந்துக்கு அனுமதி கொடுக்கற அரசு அமைப்பு, ஒத்துக்கிட்ட சிபிடி மருந்து ஒண்ணே ஒண்ணு இருக்கு, எபிடியோலெக்ஸ், 2018 ஜூன்ல வந்தது, குழந்தைங்களுக்கு வர்ற சில கடுமையான வலிப்புக்கு. அது ஒழுங்கா அளந்து செஞ்ச மருந்து, அதுலயே கல்லீரல் என்சைம் ஏறுது, பசி குறையுது, வயித்துப்போக்கு வருது, சிலருக்கு தூக்கம் கெடுது. நான் இத படிச்சப்போ ஒரு நிமிஷம் அப்படியே நின்னுட்டேன், ஏன்னா இவ சிபிடி எடுக்கப் பாத்ததே சாப்பாடு இறங்கல, தூக்கம் வரலங்கறதுக்குத்தான். அந்த மருந்தோட டோஸ் சொட்டு எண்ணெயவிட ரொம்ப அதிகம், அதையும் சொல்லிடணும். ஆனா சின்ன டோஸ்ல வயித்துப் பிள்ளைக்கு என்ன ஆகும்னு கர்ப்பிணிங்கள வச்சு நம்பற மாதிரி பாத்ததே இல்ல.

இருக்கறதெல்லாம் பிராணி ஆய்வும் லேப் ஆய்வும்தான். 2013ல பிரசவத்துக்கு அப்புறம் எடுத்த நஞ்சுக்கொடில சிபிடிய செலுத்திப் பாத்தப்போ, வேண்டாத ரசாயனத்த குழந்தை பக்கம் போகவிடாம திருப்பி அனுப்புற காவல்கார புரதம் ஒண்ணு இருக்கே, அத சிபிடி மந்தமாக்குதுன்னு தெரிஞ்சுது. அதாவது சிபிடி தானும் உள்ள போகும், கூட வர்ற மத்ததுக்கும் கதவ கொஞ்சம் திறந்துவிடும். 2023ல கொலராடோ பல்கலைக்கழகத்துல சினை எலிக்கு சிபிடி கொடுத்துப் பாத்ததுல ஆண் குட்டிங்களுக்கு சூட்டு வலி உணர்வு அதிகமா இருந்துச்சு, பெண் குட்டிங்க புதிர் மாதிரி வேலைல தடுமாறுச்சு. எலி மனுஷி இல்ல, டோஸும் பெருசு, அதனால இத வச்சு "சிபிடி எடுத்தா குழந்தைக்கு இப்படி ஆகும்"னு யாரும் பயமுறுத்தக்கூடாது. அதே மாதிரி குறைமாசம், எடை கம்மின்னு நாம கேள்விப்படற ஆய்வெல்லாம் பெரும்பாலும் டிஎச்சி இருக்கற கஞ்சாவ பத்தினது, சிபிடிய மட்டும் பத்தினது இல்ல. ரெண்டையும் ஒண்ணா போட்டு கலக்கறதும் தப்புதான். ஆனா 2019 அக்டோபர்ல எஃப்டிஏ கர்ப்பத்துலயும் பால் கொடுக்கறப்பவும் சிபிடி எந்த வடிவத்துலயும் வேண்டாம்னு அழுத்தமா சொல்லிருக்கு, இவ்வளவும் படிச்சப்புறம் எனக்கும் அதுதான் சரின்னு படுது.

இப்ப எதிர்பக்கம். டாக்டருங்க முதல்ல எழுதற மாத்திரை டாக்சிலமைனும் வைட்டமின் பி6ம் சேர்ந்தது. இதோட கதைய எல்லா கர்ப்பிணியும் தெரிஞ்சுக்கணும்னு நெனக்கறேன். 1956லயே அமெரிக்காவுல பெண்டெக்டின்ங்கற பேர்ல வந்துச்சு, கோடிக்கணக்கான பொண்ணுங்க சாப்பிட்டாங்க, அப்புறம் ஊனத்தோட பிறந்த குழந்தைங்களுக்கு இதுதான் காரணம்னு வழக்கு மேல வழக்கு விழுந்து 1983ல கம்பெனியே நிறுத்திடுச்சு. நிறுத்தினப்புறம் என்ன ஆச்சு? குழந்தைங்களுக்கு வர்ற பிறவிக் குறை குறையவே இல்ல, வாந்தி தாங்காம ஆஸ்பத்திரில சேர்ற கர்ப்பிணிங்கதான் அதிகமானாங்க. முப்பது வருஷம் கழிச்சு 2013ல எஃப்டிஏ அதே ஜோடிய டைக்லெஜிஸ்ங்கற பேர்ல திரும்ப ஒத்துக்கிச்சு. குத்தம் சொல்லி, கோர்ட்டுக்கு இழுத்து, தோண்டித் தோண்டிப் பாத்தும் தேறி வந்த மருந்து இது. சிபிடி பாட்டில இந்த மாதிரி ஒருத்தரும் தோண்டிப் பாக்கல. என் கணக்குல வித்தியாசம் இங்கதான் இருக்கு, செடியா கெமிக்கலாங்கறதுல இல்ல.

குறையும் சொல்றேன். தூக்கம் அடிச்சுப் போடும், காலைல எந்திரிக்கறதே பாடு, வண்டி ஓட்டறவங்க பாத்துக்கணும், சாப்பிட்ட உடனே கேக்காது, ரெண்டு மூணு நாள் விடாம எடுத்தாதான் தெரியும். இன்ஷூரன்ஸ் கொடுக்காட்டி விலையும் கடிக்கும், அதனால நிறைய டாக்டருங்க கடைல கெடைக்கிற யூனிசாம் மாத்திரைல பாதியும் பி6 25 மில்லிகிராமும் தனித்தனியா எடுக்கச் சொல்றாங்க. ஒண்ணு மட்டும் கவனம், யூனிசாம்ல மாத்திரைல இருக்கறதுதான் டாக்சிலமைன், ஜெல் கேப்சூல்ல இருக்கறது வேற மருந்து, டப்பா ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும். டாக்டர் கிட்ட அளவு கேட்டுட்டு வாங்குங்க.

அடுத்தது ஓண்டான்செட்ரான், இங்க ஜோஃப்ரான். வாந்திய நிறுத்தறதுல கெட்டிக்கார மாத்திரை, ஆனா மலச்சிக்கல் பயங்கரம், நான் பட்டிருக்கேன். முதல் மூணு மாசத்துல எடுத்தா என்னன்னு 18 லட்சம் கர்ப்பத்த வச்சு 2018ல வந்த ஆய்வுல, இதய குறைக்கு சம்பந்தம் தெரியல, பிளவு அண்ணம் மாதிரி வாய்க்குறை மட்டும் பத்தாயிரம் பிரசவத்துக்கு மூணு கூட வருதுன்னு பாத்தாங்க. சின்ன ரிஸ்க், ஆனா எவ்வளவு சின்னதுன்னு நம்பரோட தெரியுது பாருங்க. டாக்டரும் நம்மளும் உக்காந்து இந்த வாந்திக்கு அது வொர்த்தான்னு பேச முடியும். சிபிடிக்கு பேசறதுக்கே ஒரு நம்பர் கிடையாது.

இஞ்சி நம்ம வீட்டு ஆளு. ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம், 250ஆ நாலு வேளை, இப்படித்தான் நிறைய ஆய்வுல கொடுத்திருக்காங்க. குமட்டல் குறையுது, வாந்தி எண்ணிக்கைல அவ்வளவா தெரியல, நெஞ்செரிச்சல் இருக்கறவங்களுக்கு இன்னும் எரியும். லேசான மசக்கைக்கு இஞ்சி மொரப்பா வாய்ல போட்டுக்கறது நல்லாவே கேக்கும், தண்ணிகூட நிக்காத மசக்கைக்கு இது போதாது. பி6 மட்டும் தனியா ஆரம்பிச்சுப் பாக்கறதும் ஒரு வழி.

அப்புறம் ஒண்ணு, இது மனசுல இருக்கற பிரச்சினை, வேலை செஞ்சா சரியாகும்னு சொல்ற மாமியாருங்களுக்கு: 2023 டிசம்பர்ல வந்த ஆராய்ச்சில ஜிடிஎஃப்15ங்கற ஹார்மோன்தான் இதுல முக்கியக் காரணம்னு காட்டிட்டாங்க, அது குழந்தை பக்கத்துலேர்ந்து வருது, அம்மா உடம்புக்கு அது எவ்வளவு பழக்கமில்லையோ அவ்வளவு வாந்தி. மூத்திரம் கருத்துப் போச்சுன்னா, எட்டு மணி நேரமா போகவே இல்லன்னா, எடை நூத்துக்கு அஞ்சு குறைஞ்சிருந்தா எண்ணெயும் வேணாம் இஞ்சியும் வேணாம், நேரா ஆஸ்பத்திரி. வாரக்கணக்கா வாந்தின்னா குளுக்கோஸ் ஏத்தறதுக்கு முன்னாடி வைட்டமின் பி1 போடணும், அத நீங்களே ஞாபகப்படுத்தலாம், தப்பில்ல.

கடைக்காரர் பேச்ச நம்பலாமான்னு கேட்டா, 2018ல கொலராடோலேர்ந்து ஒரு ஆய்வு வந்துச்சு. எட்டு வாரம் கர்ப்பம், வாந்தியா வருதுன்னு சொல்லி அங்க சட்டப்படி நடக்கற 400 கஞ்சா கடைக்கு ஆய்வு பண்றவங்க போன் போட்டாங்க. 69 சதவீத கடைல ஏதோ ஒரு கஞ்சா பொருள எடுத்துக்கோன்னு சொல்லிட்டாங்க. கேக்காமலே டாக்டர பாருங்கன்னு சொன்னது மூணுல ஒரு கடைகூட இல்ல. அந்த ஆளுங்க கெட்ட எண்ணத்துல சொல்லிருக்க மாட்டாங்க, ஆனா அவங்க சொன்னதுல பாதிக்கு மேல சொந்த அபிப்பிராயம்.

தூக்கத்துக்கு? அந்த டாக்சிலமைன் மாத்திரையே தூக்க மாத்திரைதான், ராத்திரி எடுத்தா ரெண்டும் ஆகும். கால் குறுகுறுன்னு தூங்கவிடலன்னா இரும்புச்சத்து கம்மியான்னு டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. பதட்டம், அழுகைன்னு இருந்தா கவுன்சிலிங் இருக்கு, செர்ட்ரலின்ங்கற மனச்சோர்வு மாத்திரை மாதிரி கர்ப்பத்துல நிறைய பேர் எடுத்து கவனிச்ச மருந்து இருக்கு, ஏற்கனவே எடுத்துட்டிருக்கறவங்க செடிமேல இருக்கற நம்பிக்கைல அத நிறுத்திட்டு சிபிடிக்கு மாறாதீங்க ப்ளீஸ், திடீர்னு நிறுத்தினா அதுவே ஒரு ஆபத்து. சிபிடி கல்லீரல்ல மருந்த உடைக்கிற வேலைய தடுக்கும், அதனால வேற சில மாத்திரையோட அளவு ரத்தத்துல ஏறிடும்.

இடுப்பு வலிக்கு பெல்ட், சூடு, பிசியோ, தேவைன்னா பாரசிட்டமால். 2025 செப்டம்பர்ல இங்க அரசாங்கமே அதையும் ஆட்டிசத்தையும் சேத்துப் பேசினதுல நிறைய பேர் பயந்து சிபிடி கிரீம் தேடுறாங்க. ஸ்வீடன்ல சுமார் 25 லட்சம் குழந்தைங்கள வச்சு 2024ல வந்த ஆய்வுல, ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்கள ஒப்பிட்டப்போ அந்த சம்பந்தம் காணாம போயிடுச்சு. இபுப்ரூஃபன்தான் 20 வாரத்துக்கு மேல ஆகாது.

யாரும் சொல்லாத விஷயம் ஒண்ணு. ஃபுல் ஸ்பெக்ட்ரம்னு போட்ட சிபிடில கொஞ்சம் டிஎச்சி இருக்கும், அது மூத்திர டெஸ்ட்ல பாசிட்டிவ் காட்டலாம். சில ஆஸ்பத்திரில பிரசவத்தப்போ டெஸ்ட் எடுக்கறாங்க, சில மாநிலத்துல அது குழந்தைகள் நலத்துறை வரைக்கும் போகும். விசால இருக்கற நம்ம பொண்ணுங்களுக்கு இது எவ்வளவு பெரிய தலைவலின்னு சொல்லவேண்டியதில்ல. பிரசவத்துக்கு அப்புறமும் கதை முடியாது, பால்ல டிஎச்சி ஆறு நாள் வரைக்கும் தெரிஞ்சிருக்கு, சிபிடியும் சில பேர் பால்ல தெரிஞ்சிருக்கு.

ஊர்ல இருக்கறவங்களுக்கு: 1985 போதைப்பொருள் சட்டத்துல கஞ்சான்னா பூ, பிசின்தான், இலையும் விதையும் அந்த அர்த்தத்துல வராது, அதனால விஜயாங்கற பேர்ல ஆயுஷ் லைசென்ஸோட இலை எண்ணெய் ஆன்லைன்ல விக்குது. அதுல டிஎச்சியும் இருக்கலாம். 2021ல உணவுன்னு அனுமதிச்ச ஹெம்ப் விதை எண்ணெய் வேற, அதுல சிபிடி கிட்டத்தட்ட கிடையாது, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. ஆயுர்வேதம்னா ஒரு கெடுதலும் பண்ணாதுன்னு சொல்றவங்ககிட்ட ஒண்ணுதான் கேப்பேன், பப்பாளிக்காயும் செடில காய்க்கிறதுதானே, நம்ம பாட்டிங்க அத மாசமா இருக்கறவ பக்கத்துலயே விடலையே? டாக்ஸினேட் (அந்த டாக்சிலமைன்-பி6 ஜோடி), எமிசெட் (ஓண்டான்செட்ரான்) எல்லாம் அங்க சீட்டு எழுதி வாங்கினா சல்லிசா கெடைக்குது.

இதையெல்லாம் அனுப்பினப்புறம்தான் அவ போன் பண்ணி அழுதா. ஃபோட்டோ அனுப்பறதுக்கு முன்னாடியே மூணு நாள் எடுத்துட்டாளாம், திட்டுவேன்னு சொல்லல. நான் ஏன் திட்டப்போறேன், வாந்தி எடுத்து எடுத்து தொண்டைல ரத்தம் வந்தவ அவ. மறுநாள் நர்ஸ் லைன்ல கூப்ட்டு உள்ளத உள்ளபடி சொல்லிட்டா, எத்தன சொட்டு, எத்தன நாள், பாட்டில் ஃபோட்டோ உட்பட. இனிமே எடுக்காதீங்க, ஃபைல்ல குறிச்சுக்கறோம், வழக்கமான ஸ்கேன் இருக்கவே இருக்கு, மூணு நாளுக்காக உங்கள நீங்களே வதைச்சுக்காதீங்கன்னு சொல்லிருக்காங்க. அன்னிக்கு ராத்திரிலேர்ந்து மாத்திரை. நேத்து மத்தியானம் ரசம் சாதம் நாலு வாய் தங்குச்சாம், பல் தேய்க்கறது மட்டும் இன்னும் முடியலையாம்.