உப்புக்காற்றில் ஒரு கார்: இரும்புக் குழாயா, அலுமினியமா, கார்பனா?

திருகோணமலைக் கரையோர உப்புவெளியில் எங்கள் பக்கத்து வளவுத் தம்பிக்கு ஒரு கனவு. இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, கூரையில்லாத, பாரம் குறைந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தானே கட்டவேண்டுமாம். "அண்ணை, செசியை அலுமினியத்தில செய்தா மூன்றில ஒரு பங்குப் பாரம்தானே?" என்று கேட்டான். செசி என்றால் காரின் பாரத்தைத் தாங்கும் அடிச்சட்டகம்.

கணக்குச் சரி. உருக்கு (எஃகு) ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.8 கிராம், அலுமினியம் 2.7. ஆனால் விறைப்பும் அதே கணக்கில்தான் குறைகிறது: உருக்குக்கு ஏறக்குறைய 200 கிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 70. அதே அளவுக் குழாயை அப்படியே மாற்றிப் போட்டால், பாரம் குறைந்த அளவுக்குச் செசி கூடுதலாக வளையும். பருத்த, அகன்ற வடிவங்களாகச் செய்தால்தான் அலுமினியத்தில் இலாபம்.

இந்த வழக்கு எங்கள் ஊருக்குப் புதிதில்லை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியர் திருகோணமலையைத் தாக்கியபோது சீனன்குடா விமானத்தளத்திலிருந்து கிளம்பிய பிரித்தானிய ஹரிக்கேன் போர்விமானத்தின் உடல், உலோகக் குழாய்களைப் பொருத்திக் கட்டிய எலும்புக்கூடு. பின்பக்கம் மரச்சட்டமும் துணியும். எதிரே வந்த ஜப்பானிய ஸீரோ போர்விமானத்துக்கு அலுமினியத் தகட்டுத் தோலே பாரம் தாங்கியது. இலகுவிலும் வளைந்து திரும்புவதிலும் ஸீரோதான் கெட்டி. ஆனால் குண்டு துளைத்த துணியை ஒட்டி, குழாயை மாற்றி, ஹரிக்கேனைத் திரும்பவும் பறக்கவிடுவது சுலபம்.

கார்களிலும் அதே இரண்டு கட்சிதான். 1957இல் வந்த லோட்டஸ் செவன் குழாய்ச் சட்டகம். 1996இல் அதே லோட்டஸ் கொண்டுவந்த எலீஸ் காரின் செசி, அச்சில் பிதுக்கி எடுத்த அலுமினியத் துண்டுகளை எபொக்சி பசையால் ஒட்டிச் செய்தது. பாரம் 68 கிலோ அளவுதான். பசை எதற்கு என்றால், வெப்பப்பதம் ஏற்றிய அலுமினியத்தை வெல்ட் பண்ணினால் அந்த இடத்தைச் சுற்றிப் பதம் இறங்கிப் பலம் போய்விடும். ஒட்டுவதும் சும்மா இல்லை. மேற்பரப்பைச் சுத்தமாக்கி, பதப்படுத்தி, சூடுகாட்டி இறுக்கவேண்டும். குழாய்ச் சட்டகத்துக்கு ஒரு வெல்டிங் பிளாண்டும் நிதானமான கையும் போதும்.

உலோகக் களைப்பு என்று இன்னொன்று, திரும்பத் திரும்ப வளைந்து உலோகம் சோர்ந்து வெடிப்பது. உருக்கை ஓர் அளவுக்குக் கீழே எத்தனை கோடி தடவை வளைத்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. ஒவ்வொரு குழியும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும்.

அப்புறம் கடல். தம்பியைக் கரைக்குக் கூட்டிப்போய் ஒரு பைபர் படகைக் காட்டினேன். அலுமினியப் பிடியில் துருப்பிடிக்காத எஃகு ஆணி. ஆணியைச் சுற்றி வெள்ளைப் பொடி பொங்கியிருந்தது. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது, அடியில் அலுமினியம் பூச்சி அரித்ததுபோலக் குழிகுழியாக. இரண்டு உலோகம், நடுவே உப்புத் தண்ணீர்: பற்றரிதான். படகின் வெளியிணைப்பு மோட்டரில் நாகக் (துத்தநாகக்) கட்டி பூட்டுவது அதற்காகத்தான், நாகம் முதலில் கரையட்டும் என்று. இரும்புக்கும் கறள் உண்டு, அதுவும் குழாயின் உள்ளே பிடித்தால் கண்ணுக்குத் தெரியாது. குழாய் உடல் விமானம் கட்டுகிறவர்கள் உள்ளே ஆளிவிதை எண்ணெய் ஊற்றிச் சுழற்றி, வடித்து, வாயை அடைப்பார்கள். நல்ல வழக்கம்.

கார்பன் பைபர்? 1981இல் கார்பனில் செய்த மெக்லாரன் எம்பி4/1 பந்தயக் கார் இத்தாலியின் மோன்சாவில் மோதி உடைந்தபோது ஓட்டுநர் ஜோன் வாட்சன் காயமில்லாமல் இறங்கி நடந்தார். அதன் பிறகு அதன் வலுவில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தரத்துக்கு அழுத்தத்தோடு சுடும் அடுப்பு வேண்டும். தம்பியிடம் இருப்பது தகரக் கொட்டில். தவிர, கார்பனைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம் உப்பில் இன்னும் விரைவாக அரிபடும். வெளி உடலுக்குச் சாதாரணக் கண்ணாடி பைபர் போதும். படகு செய்கிறவர்களுக்கு அது கைவந்த வேலை.

ஆக, செசிக்கு இரும்புக் குழாய்தான். என்ஜினில் என் தீர்ப்பு மாறுகிறது. அங்கே அலுமினியம்தான். வார்ப்பதும் கடைவதும் தொழிற்சாலையின் வேலை. நமக்குப் பாரக்குறைவு மட்டும் கைக்கு வருகிறது. ஆனால் அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைவிட இரண்டு மடங்கு விரியும், ஒருமுறை கொதித்தால் என்ஜினின் மேல்மூடியான ஹெட் கோணிப்போகும். முதல் எலீஸில் இருந்த ரோவர் கே வரிசை அலுமினிய என்ஜின், ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கஸ்கட் போவதற்குப் பேர்போனது. ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடுகிற பழக்கமுள்ளவர்கள் வார்ப்பிரும்போடு இருப்பது நல்லது. கரையோரக் கிணற்றில் உப்பு இறங்கியிருந்தால் அது அலுமினியத்தை உள்ளிருந்தே தின்னும். மக்னீசியம் இன்னும் இலகு, 1.74தான், ஆனால் கடலோரத்தில் அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். பிஸ்டனைப் பிணைக்கும் கனெக்டிங் ரொட், டைட்டானியத்தில் 1990 ஹொண்டா என்எஸ்எக்ஸ் காரில் வந்தது. அழகான சாமான், எங்கள் பையைத் தாண்டியது.

நேற்றுப் போனபோது தம்பி ஒரு அங்குலச் சதுரக் குழாய் ஆறு நீளம் வாங்கிச் சுவரில் சாத்தி வைத்திருந்தான். ஒவ்வொன்றின் வாயிலும் பழைய சாரத் துணி அடைத்திருந்தது.