லெஃப்ட் பேக் கையில் 14 நாள் சென்சார்: ஒரு கோச்சின் அனுபவம்

சென்னை வியாசர்பாடியில் பையன்களுக்குக் கால்பந்து சொல்லித் தருகிறேன். இந்த வருடம் லீக்குக்கு 20 பேரைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. 19 பேரை ஒரே ராத்திரியில் எழுதிவிட்டேன். இருபதாவது பெயருக்கு ஒரு மாதம் ஆனது. 16 வயது லெஃப்ட் பேக் (இடது பக்கத் தடுப்பாட்டக்காரன்), இடது கால் பையன், ஓட்டத்தில் குறை சொல்ல முடியாது. டைப் 1 சர்க்கரை நோய் இருக்கிறது. தினம் நான்கு ஊசி.

அவனை எடுப்பதா வேண்டாமா என்று கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்றுதான் இந்த சென்சாரை வாங்கினோம். கையில் ஒட்டிக்கொண்டு, செல்போனைப் பக்கத்தில் கொண்டுபோனால் சர்க்கரை அளவைக் காட்டும் வகை. "14 நாள் சென்சார்" என்று கேட்டால் பெரிய மெடிக்கல் ஷாப்பில் எடுத்துத் தருவார்கள். ஆறு வாரத்தில் மூன்று போட்டுப் பார்த்தாயிற்று. மருத்துவர்கள் எழுதிய விமர்சனங்கள் நிறைய கிடைக்கும். மைதானத்தில் வியர்வையோடும் தள்ளுமுள்ளோடும் இது எப்படி வேலை செய்கிறது என்று தமிழில் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் பையன் கதை. இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறொரு இடத்தில் தேர்வுக்குப் போயிருக்கிறான். முதல் நாள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு "நாளைக்கும் வா" என்றார்களாம். மறுநாள் கொடுத்த படிவத்தில் அவன் அம்மா சர்க்கரை நோய், ஊசி போடுகிறான் என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். பட்டியலில் பெயர் வரவில்லை. கேட்டதற்கு, "ரிஸ்க் எடுக்க முடியாதும்மா" என்று ஒரே வரி. அந்த அக்கா என்னிடம் வந்தபோது முதல் கேள்வியே, "தம்பி, ஃபாரத்துல அதை எழுதணுமா?" என்பதுதான். எழுதுங்கக்கா என்றேன். எழுதச் சொன்ன பிறகு அந்த வரிக்கு நான்தானே பொறுப்பு.

அக்கம்பக்கத்தில் எல்லாரும் கேட்பது, "இந்த வயசுல சுகரா, ஸ்வீட் அதிகமா சாப்பிட்டானா?" என்று. இது அது இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. ஸ்வீட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இன்சுலினை வெளியிலிருந்து போட்டே ஆக வேண்டும், உயிர் உள்ளவரை. போட்ட ஊசி, சாப்பிட்ட சாப்பாடு, ஓடிய ஓட்டம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் சர்க்கரை சரசரவென்று இறங்கும், அல்லது ஏறிப்போய் நிற்கும். கால்பந்து இதில் இரண்டையும் செய்யும். நிதானமாக ஓடிக்கொண்டே இருந்தால் இறங்கும். ஸ்பிரிண்ட், பதற்றம், பெனால்டி என்றால் ஏறவும் ஏறும். ஒரே பையனுக்கு ஒரே மைதானத்தில் இரண்டும் நடப்பதை நான் பார்த்துவிட்டேன்.

பெரிய இடத்தில் இப்படிப்பட்டவர்கள் ஆடியதே இல்லையா என்று கேட்பவர்களுக்கு ஸ்பெயின் வீரர் நாச்சோவைச் சொல்வேன். 12 வயதில் டைப் 1 என்று தெரிந்தது. ஒரு மருத்துவர், இனி கால்பந்து கிடையாது என்றார். மூன்று நாள் கழித்துப் பார்த்த இன்னொரு மருத்துவர், கால்பந்தை விடவே கூடாது என்றார். நாச்சோ ரியல் மாட்ரிட்டுக்காக ஆறு சாம்பியன்ஸ் லீக் பட்டம் வென்றார். 2018 உலகக் கோப்பையில் போர்ச்சுகலுக்கு எதிராக அவர் அடித்த பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனதை எங்கள் தெருவில் பலரும் பார்த்திருக்கிறோம். அடித்தவர் ஊசி போட்டுக்கொண்டு ஆடுபவர் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அமெரிக்காவில் ஆடும் கால்பந்து வேறு, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். அங்கே டிராஃப்ட் என்று ஒன்று உண்டு. நம் ஐபிஎல் ஏலம் மாதிரிதான், ஆனால் ஏலம் கூவாமல் அணிகள் முறை வைத்துக் கல்லூரி வீரர்களைப் பெயர் சொல்லி எடுக்கும். அதற்கு முன்னால் அணிகளின் மருத்துவர்கள் வீரர்களைத் தலை முதல் கால் வரை சோதிப்பார்கள். மார்க் ஆண்ட்ரூஸ் என்ற வீரருக்கு 9 வயதிலிருந்தே டைப் 1. 2018 டிராஃப்டில் பால்டிமோர் ரேவன்ஸ் அவரை மூன்றாவது சுற்றில், 86ஆவது ஆளாக எடுத்தது. அதே இடத்தில் ஆடும் இன்னொரு வீரரை அதே அணி அதே வருடம் முதல் சுற்றிலேயே எடுத்திருந்தது. 2021இல் ஆண்ட்ரூஸ் 107 பந்துகளைப் பிடித்து 1,361 கெஜ தூரம் முன்னேறினார். அவர் ஆடும் இடத்தில் அந்த வருடம் அதற்கு மேல் யாரும் இல்லை. இந்தக் கதையை எங்கள் பையனிடம் சொன்னபோது அவன் கேட்டது ஒன்றுதான்: "அவரும் சென்சார் ஒட்டிக்கிறாராண்ணா?" ஆமாம்டா, ஒட்டிக்கொள்கிறார்.

சரி, பொருளுக்கு வருகிறேன்.

ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய வெள்ளை வட்டு. மேல் கையின் பின்பக்கத்தில் வைத்து அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மயிரிழை போன்ற கம்பி தோலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஊசிக்குப் பழகிய பையன், "இதுவா வலிக்கும்?" என்று சிரித்தான். முதல் ஒரு மணி நேரம் எண் வராது. அப்புறம் செல்போனைக் காட்டினால் ஒரு எண், பக்கத்தில் ஒரு அம்புக்குறி, கீழே கடந்த எட்டு மணி நேரத்தின் கோடு.

கொடுத்த காசு அந்த அம்புக்குத்தான். விரலில் குத்திப் பார்த்தால் 118 என்று வரும். 118 நல்ல எண். ஆனால் ஏறிக்கொண்டிருக்கிற 118ஆ, விழுந்துகொண்டிருக்கிற 118ஆ என்று விரல் சொல்லாது. அம்பு நேராக இருந்தால் ஆடு. சாய்வாகக் கீழே பார்த்தால் அரை வாழைப்பழம். செங்குத்தாகக் கீழே என்றால் உட்கார். மருத்துவர் எங்களுக்குச் சொன்ன கணக்கு: ஆட்டம் தொடங்கும்போது 126க்கும் 180க்கும் நடுவில் இருப்பது நல்லது, 90க்குக் கீழே என்றால் ஏதாவது சாப்பிடாமல் இறங்கக் கூடாது, 270க்கு மேல் என்றால் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம்) பார்க்காமல் இறங்கக் கூடாது. பையனுக்குப் பையன் இது மாறும், உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சென்சார் கையில் இருந்தபோது காசிமேட்டுப் பையன்களோடு ஒரு பயிற்சி ஆட்டம். சாயங்காலம் மூன்றரை மணி, நல்ல வெயில். இறங்கும் முன் 148, அம்பு நேர். முதல் பாதி முடிந்து வந்தவன் ஷூ லேஸைக் கட்டக் குனிந்தான். முடிச்சு விழவில்லை. மறுபடி போட்டான், விழவில்லை. ஸ்கேன் செய்தேன். 96, அம்பு செங்குத்தாகக் கீழே. விரலில் குத்தினால் 78. இந்த இடத்தை வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும்: சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கடியில் இருக்கும் நீரில் அளக்கிறது. ரத்தத்தில் நடப்பது அங்கே வந்து சேரச் சில நிமிடம் ஆகும். வேகமாக இறங்கும்போது சென்சார் காட்டுவதைவிட நிஜ அளவு கீழே இருக்கும்.

குளுக்கோஸ் பொடி மூன்று டீஸ்பூன், அரை டம்ளர் தண்ணீர். வழக்கமாக இடைவேளையில் எல்லாருக்கும் கடலை மிட்டாய்தான் கொடுப்போம். இவனுக்கு அந்த நேரத்தில் அது உதவாது, கடலையின் கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் உள்ளே விடும். 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். எங்கள் இடைவேளையோ 10 நிமிடம். விசில் அடித்துவிட்டது. மாற்று ஆள் தயாராகத்தான் நின்றான். நான் மாற்றவில்லை. ரெஃப்ரியிடம் சொல்லிவிட்டுப் பத்துப் பேரோடு ஆடினோம், ஆறு நிமிடம். சென்டர் பேக் இடது பக்கம் நகர்ந்து இரண்டு பேர் வேலையைப் பார்த்தான், யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுபடி விரலில் 104. சென்சார் இன்னும் 81 என்றே காட்டியது, ஏறும்போதும் அது பின்னால்தான் வரும். இரண்டு மேரி பிஸ்கட்டைக் கொடுத்து உள்ளே அனுப்பினேன். கடைசி நிமிடம் வரை ஆடினான். அன்று இரவுதான் இருபதாவது பெயரை எழுதினேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தைய மாதம், சென்சார் இல்லாத நாட்களில், சும்மா வரும் பந்தைக்கூட அவன் கோட்டைவிட்டபோது "தூங்குறியா?" என்று எல்லார் முன்னாலும் கத்தியிருக்கிறேன். அது தூக்கம் இல்லை, சர்க்கரை இறங்கியது. அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

இனி குறைகள்.

பெரிய குறை, நாங்கள் வாங்கிய வகை தானாகச் சத்தம் போடாது. நாம் ஸ்கேன் செய்தால்தான் சொல்லும். ஆட்டம் ஆடிய நாளில் ராத்திரிதான் ஆபத்து. பகலில் ஓடிய தசைகள் சர்க்கரையை இரவெல்லாம் இழுத்துக்கொண்டே இருக்கும். முதல் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா இரண்டு மணிக்குச் செல்போனில் அலாரம் வைத்து எழுந்து ஸ்கேன் செய்தார். 58. பையன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கிறான். எழுப்பி, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, ஏறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் மருத்துவரிடம் அந்தக் கோட்டைக் காட்டினோம். ஆட்ட நாள் இரவு ஊசியின் அளவைக் குறைத்துக் கொடுத்தார். அதற்கப்புறம் 58 வரவில்லை. ஆனால் அந்த அக்கா இன்னும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு எழுந்துகொள்கிறார். அலாரம் அடிக்கும் வகை வாங்க வசதி இருந்தால் யோசிக்காமல் அதை வாங்குங்கள்.

அடுத்தது பசை. நம் ஊர் வியர்வைக்கு அது போதாது. முதல் சென்சார் நான்காம் நாளே ஓரம் எழும்பி, ஐந்தாம் நாள் தோளோடு தோள் மோதியதில் கழன்று விழுந்தது. பெரியமேட்டில் விளையாட்டுச் சாமான் கடையில் தசைக்கு ஒட்டும் இழுவை டேப் வாங்கி மேலே ஒட்டிய பிறகு மற்ற இரண்டும் 14 நாளும் நின்றன. வட்டின் நடுவில் ஒரு சின்னத் துளை உண்டு, அதை மூடிவிடாதீர்கள். டேப்பில் அந்த இடத்தை வெட்டிவிட்டு ஒட்டுங்கள்.

அந்தக் கைப்பக்கமாகவே ஒருக்களித்துப் படுத்தால் பொய்யாகத் தாழ்வைக் காட்டும். திரும்பிப் படுக்கச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள், சந்தேகம் என்றால் விரலில் குத்திப் பாருங்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஸ்கேன் செய்யாவிட்டால் பழைய கணக்கு அழிந்துவிடும். பள்ளியில் செல்போன் கூடாது என்பதால் எங்கள் பையன் வாசலில் அம்மாவிடம் ஒரு முறை, நாலு மணிக்கு வந்ததும் ஒரு முறை என்று பிடித்துக்கொள்கிறான்.

விலை. ஒன்று கிட்டத்தட்ட 5,000 ரூபாய், மாதத்துக்கு இரண்டு. இன்சுலினை அரசு மருத்துவமனையில் இலவசமாக வாங்கிக்கொள்கிறார்கள். சென்சார் நம் கைக்காசு. புது ஜெர்சிக்கு வைத்திருந்த பணத்தில் மூன்று வாங்கினோம், பழைய ஜெர்சியிலேயே ஆடலாம் என்று சொன்னது பையன்கள்தான். வருடம் முழுக்க எங்களால் முடியாது. அதனால் ஆட்டம் அதிகமான வாரங்களுக்கு மட்டும் சென்சார், மற்ற நாளில் விரலில் குத்திப் பார்ப்பது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைத்த ஒன்று அலாரத்துக்காக.

தேர்வு நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படிவத்தில் டைப் 1 என்று பார்த்ததும் பெயரை அடிக்காதீர்கள். இரண்டு வாரம் பயிற்சிக்கு விடுங்கள், அந்த 14 நாள் கோட்டைப் பாருங்கள். அந்தப் பையன் தன் உடம்பை எப்படிக் கவனித்துக்கொள்கிறான் என்று அதில் தெரியும். ரெஃப்ரிக்குக் காட்ட மருத்துவர் கடிதம் ஒன்று வாங்கி வையுங்கள், எங்களை ஒருவர் கேட்டார், படித்ததும் விட்டுவிட்டார். பையன் பெரிய அளவில் ஆடப் போகிறான் என்றால் இன்னொன்று: இன்சுலின் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கிறது. சிகிச்சைக்காகப் போடுகிறோம் என்று முன்கூட்டியே விண்ணப்பித்து விலக்கு வாங்க வேண்டும். அந்தக் காகித வேலை கிளப்புடையது, பையன் தலையில் கட்டாதீர்கள்.

மூன்றாவது சென்சார் வியாழக்கிழமை முடிகிறது. முதல் நாள் எண்கள் கொஞ்சம் முன்பின்னாக இருப்பதால், அடுத்ததை முதல் லீக் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே ஒட்டப்போகிறோம். இந்த முறை வலது கையில். த்ரோ போடும்போது இடது பக்க டேப் இழுக்கிறது என்கிறான்.